பெட்டி எதற்கு என்று கேட்டவள்

போன மாதம் எனக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்த மருந்து ஆய்வாளர்களுக்குப் பயிற்சி வகுப்பாம், ஓய்வு பெற்றவர்கள் வந்து இருபது நிமிஷம் பேச வேண்டுமாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கடிதத்தின் இரண்டாம் பத்தியில், "முன்பெல்லாம் துறைகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு என்பதே கிடையாது, இப்போது புதிய கணினித் தளத்தின் மூலம் அனைவரும் இணைக்கப்பட்டுள்ளனர்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிடையாதா? யார் சொன்னது? ஹைதராபாத் அமீர்பேட்டில், கோச்சிங் சென்டர் ஒன்றின் மாடியில், பக்கத்துச் சுவரைத் தாண்டி ஜாவா பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அறையில், புதன்கிழமைதோறும் நாங்கள் உட்கார்ந்தது பிறகு என்ன கணக்கில் வருகிறது? கணினித் தளத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு துறையின் காகிதமும் வந்து விழுகிறது என்கிறார்கள், நல்லதுதான். காகிதம் வந்து விழுவதும் அதை ஒருவர் படிப்பதும் வேறு வேறு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இருபது நிமிஷத்தில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. அப்பா வைத்த பெயர். ஹைதராபாதில் அதை முழுசாகச் சொல்லத் தெம்புள்ள அதிகாரி யாரும் எனக்கு வாய்க்கவில்லை, ஆகவே வேலைக் காலம் முழுக்க 'அரசி மேடம்'. அப்பா அரக்கோணத்துக்காரர். செகந்திராபாத் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் மார்க் எழுதுகிற வேலை. பார்சலாகப் போகிற ஒவ்வொரு மூட்டையின் மேலும், பெட்டியின் மேலும், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, ரசீது எண் என்ன, மொத்தம் எத்தனை உருப்படி என்று கறுப்பு மையில் பிரஷ்ஷால் எழுத வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால், அவர் எழுதி முடிக்கும்வரை மூட்டைமேல் உட்கார்ந்து அந்த எழுத்துக்களை வாசித்துக்கொண்டிருப்பேன். இதை இப்போதே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் என் மானம் போகிற இடத்தில் இது தேவைப்படும்.

பி.ஃபார்ம் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஆய்வாளரானேன். பயிற்சியில் எங்களுக்குத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: சாம்பிள் எடுப்பது. கடைக்குள் போய் மருந்தை எடுத்தால் அதை நான்கு பங்காக்க வேண்டும். ஒன்று கடைக்காரரிடமே திரும்பப் போகும். ஒன்று அரசு பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று அந்த மருந்தைக் கடைக்கு விற்ற அல்லது தயாரித்த ஆளுக்கு. நான்கையும் தாளில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். பதினேழாம் நம்பர் படிவத்தில் கடைக்காரரின் கையெழுத்து. அரக்கு சொட்டி வலது ஆள்காட்டி விரலில் எனக்கு நிரந்தரமாக ஒரு தழும்பு உண்டு. முத்திரை கோணலாக விழுந்தால்கூட வழக்கு விழுந்துவிடும் என்பார்கள். என் முத்திரை ஒருநாளும் கோணியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில், செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மருந்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் என்று எழுதியிருந்தார். அந்த வட்டாரம் என் பொறுப்பு. போனேன்.

ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டி ஒரு சின்ன மருந்துக்கடை. நடத்தியவர் கோமதி. கணவர் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, இளம் வயதிலேயே போய்விட்டார். கோமதி டிப்ளமா படித்த ஃபார்மசிஸ்ட். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பேச்சு அப்படியே திருநெல்வேலி. ஒன்பதாம் வகுப்புப் படித்த மகளிடம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கடை ஒன்றுதான் அவர்களுக்கு ஆதாரம்.

நான் சட்டப்படி சாம்பிள் எடுத்தேன். ஸ்ட்ரிப்பில் கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் கச்சிதமாக இருந்தன. மொத்த வியாபாரியின் பில்லும் இருந்தது, விலையும் வழக்கமான விலைதான். நான்கு பங்காகக் கட்டி அரக்கு வைத்துக்கொண்டிருந்தபோது கோமதி கேட்டார்.

"மேடம், இது வந்த பெட்டியும் வேணுமா? இங்கன கீழதான் கெடக்கு."

"பெட்டி எதுக்கும்மா?" என்றேன், தலையைத் தூக்காமலே.

"இல்ல, கேட்டேன். பயமா இருக்கு மேடம். ஒண்ணுமில்லன்னு வந்துரும்லா?"

"வந்துடும்" என்று சொன்னேன்.

வரவில்லை. பகுப்பாய்வாளரின் அறிக்கை மூன்றே வரி. மருந்து என்று ஒரு துளிகூட இல்லை, மாவும் சுண்ணாம்பும்தான். மொத்த வியாபாரியைத் தேடிப் போனால் பில்லில் இருந்த முகவரியில் ஒரு தையல் கடை இருந்தது. பில்லில் அச்சிட்டிருந்த லைசென்ஸ் எண், என்றைக்கோ மூடிப்போன வேறொரு கடையுடையது. பில்லின் மேல் மூலையில், சரக்கு வடக்கே ஒரு நகரத்திலிருந்து வந்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அந்த நகரத்துக்குப் போய் ஒன்பது நாள் தெருத்தெருவாக அலைந்தேன். வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தேன்.

இப்போது சங்கிலியின் கடைசிக் கண்ணியாகக் கையில் அகப்பட்டிருந்தவர் கோமதி ஒருவர்தான். சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், போலி மருந்து விற்றவர் அவரே. லைசென்ஸ் போகும், ஃபார்மசிஸ்ட் பதிவு போகும், சிறைத் தண்டனையும் உண்டு. கடைக்கு நானே போய் ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்தேன். கோமதி அழவில்லை. சான்றிதழை மட்டும் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் செய்தது எல்லாம் விதிப்படி சரி. சரியாகச் செய்துவிட்டு அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் புதன்கிழமைக் குழுவில் போட்டார்கள். மாநிலம் விட்டு மாநிலம் தாண்டிப் போகிற கும்பல்களைப் பிடிக்கப் போலீஸ், மருந்துக் கட்டுப்பாடு, வணிக வரி, ரயில்வே போலீஸ் என்று நான்கு துறையிலிருந்தும் ஆள் எடுத்து ஒரு கூட்டுக் குழு. தலைவர் யூசுஃப் சார், போலீஸில் பெரிய பதவி. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அவர் துடைக்கிற வேகத்தை வைத்தே யாருக்கு அர்ச்சனை என்று கண்டுபிடித்துவிடுவோம்.

முதல் இரண்டு கூட்டங்களில் நாங்கள் எல்லாரும் அவரவர் வீரப் பிரதாபத்தை அளந்தோம். மூன்றாம் கூட்டத்தில் யூசுஃப் சார் கண்ணாடியைத் துடைத்தார், மெதுவாக. "ஜோ ஹோகயா, நக்கோ. ஜோ நை ஹுவா, வோச் லாவ்" என்றார். முடித்ததைக் கொண்டுவராதே, முடியாததைக் கொண்டுவா. அடுத்த வாரத்திலிருந்து சட்டம் மாறியது. ஒவ்வொருவரும் தன்னால் மூட முடியாத ஃபைல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். உட்கார்ந்ததும் அதை இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது, படிக்க வேண்டும். பிறகு படித்தவர்தான் அந்த ஃபைலைப் பற்றிப் பேசுவார். ஃபைலுக்குச் சொந்தக்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

இன்னொரு விதியும் உண்டு. பேச்சில் யாராவது "எங்க டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டால், அவர்தான் அன்றைக்கு எழுந்துபோய் ஃப்ளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றி, உஸ்மானியா பிஸ்கட் தட்டை நீட்ட வேண்டும். பதவி பார்ப்பதில்லை. முதல் மாதம் முழுக்க அந்த ஃப்ளாஸ்க் சும்மா இருந்ததே இல்லை.

என் இடப்பக்கம் தேவசகாயம். ரயில்வே போலீஸில் ஹெட் கான்ஸ்டபிள், ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். ஆபீஸில் என்னை 'மேடம்' என்பார், படி இறங்கியதும் 'அக்கா' ஆகிவிடும். கோமதியின் ஃபைல் அவரிடம் போனது. எனக்கு மனசுக்குள் சலிப்புதான். மாத்திரையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் ஒரு மணி நேரம் விரலை வரிவரியாக ஓட்டிப் படித்தார். படித்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"மாத்திரை வந்த பெட்டி. ஸ்ட்ரிப்பு எத்தினி, பில்லு எத்தினின்னு அல்லாம் எழுதிக்கிறீங்க. பெட்டின்னு ஒரு வார்த்த இல்ல. சரக்கு வடக்கேர்ந்து கைல புட்ச்சிக்கினா வந்திருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க டிபார்ட்மென்ட்ல பெட்டியை எல்லாம் சாம்பிள் எடுக்கறதில்ல" என்று சீறினேன்.

யூசுஃப் சார் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. ஃப்ளாஸ்க்கைக் கண்ணால் காட்டி, "அரசி மேடம், சாய் பிலாவ்" என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். எழுந்து போய் ஊற்றினேன். மூன்றாவது கிளாஸை ஊற்றும்போதுதான் அந்தக் குரல் என் காதில் திரும்ப வந்தது: "இது வந்த பெட்டியும் வேணுமா? இங்கன கீழதான் கெடக்கு." டீ தட்டில் சிந்தியது. மூட்டைமேல் உட்கார்ந்து மார்க் வாசித்து வளர்ந்தவள் நான். பார்சல் ஆபீஸ்காரர் மகள். வடக்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒன்பது நாள் அலைந்தவளுக்கு, அது வந்த பெட்டியின் மேல் ஒரு மார்க் இருக்கும் என்று தோன்றவே இல்லை. மருந்து ஆய்வாளர் கண்ணுக்கு மருந்து மட்டும்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா?

மறுநாளே முறைப்படி உத்தரவு வாங்கி, இரண்டு சாட்சிகளோடு, தேவசகாயமும் நானும் லோத்குண்டா போனோம். வீட்டு வாசலில் கோமதியின் மகள் நின்றாள். "அம்மா லோப்பல உந்தி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த கோமதியிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"கடைக்குள்ள தான் கெடக்கு மேடம். எனக்கு மேல் தட்டு எட்டாதுல்லா? பழைய பேப்பர உள்ள திணிச்சு, கவுத்திப் போட்டு, அதுமேல ஏறித்தான் மருந்து எடுப்பேன்."

பூட்டின் மேல் நான் வைத்த அரக்கை நானே உடைத்தேன். ரேக்குக்குக் கீழே, கவிழ்த்துப் போட்டபடி, அந்தப் பெட்டி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மருந்துக் கம்பெனியின் பெரிய லேபிள். முதலில் போட்டோ எடுத்தோம். பிறகு சாட்சிகளின் முன்னால் தேவசகாயம் ஈரத்துணியால் லேபிளைத் தடவித் தடவி உரித்தார். கீழே கறுப்பு மையில் மார்க் இருந்தது. வடக்கு ஸ்டேஷனிலிருந்து செகந்திராபாத்துக்கு, மொத்தம் பன்னிரண்டு உருப்படி. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். தேவசகாயம் விடவில்லை. பெட்டியின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவிழ்த்திருந்ததால் அடிப்பாகம்தான் மேலே இருந்தது. அதில் ஒட்டியிருந்த பழுப்பு டேப், கோமதியின் பாதங்கள் ஏறி இறங்கியே தேய்ந்து உரிந்திருந்தது. அதன் கீழே இன்னொரு மார்க்.

நான் குனிந்து வாசித்தேன். அப்பாவின் எழுத்துப் போலவே சாய்ந்த பிரஷ் எழுத்து. செகந்திராபாத்திலிருந்து வடக்கு ஸ்டேஷனுக்கு.

"அக்கா, இது போயிருக்கு. அப்பால வந்திருக்கு. அதே பெட்டி" என்றார் தேவசகாயம்.

அவ்வளவுதான் விஷயம். மாத்திரை வடக்கே தயாராகவே இல்லை. இங்கே, எங்கள் மூக்குக்குக் கீழே தயாராகி, ரயிலில் ஏறி வடக்கே போய், அங்கே வேறு பெயரில் மறுபடி ஏறித் திரும்பி வந்திருக்கிறது. தேடுகிறவர்கள் எல்லாம் வடக்கேயே தேடட்டும் என்று அத்தனை ஏற்பாடு. புதுப் பெட்டி வாங்கப் பிசினாரித்தனம் பார்த்ததில் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமை தேவசகாயம் பார்சல் பதிவேட்டிலிருந்து எடுத்த விவரத்தோடு வந்தார். வெளியே அனுப்பியபோது சரக்கின் பெயர் 'காகிதத் தட்டு'. அனுப்பியவர் கொடுத்த வரிப்பதிவு எண்ணும் இருந்தது. எண்ணை அவர் வாசித்ததும், வணிக வரித்துறையிலிருந்து வந்த பத்மஜா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் தெலுங்குக்காரர், அளந்து பேசுகிறவர். தன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜை நடுவில் போட்டார். அதே எண். நகரின் கிழக்கு ஓரத்தில், உப்பலில் ஒரு காகிதத் தட்டு யூனிட். வாங்குகிற காகிதத்தைவிட ஃபாயில் அதிகமாக வாங்குகிறார்கள் என்று அவருக்கு நெடுநாளாக உறுத்தல். ஆனால் வெள்ளி நிறத்தில் பளபளக்கிற தட்டு கல்யாண வீடுகளில் உண்டே, அதற்கு வாங்குவார்கள் என்று நினைத்து, வரி ஏய்ப்பாக மட்டுமே பார்த்திருக்கிறார்.

"அந்த ஃபாயில் பில்லைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். ஃபாயிலின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் ஹீட் சீல் லேக்கர் பூசியது என்று சின்ன எழுத்தில் இருந்தது. சூடு பட்டால் ஒட்டிக்கொள்கிற பூச்சு அது. மாத்திரையை அடைக்கிற ஃபாயிலுக்குத்தான் அது வேண்டும், சாப்பிடுகிற தட்டுக்கு எதற்கு?

எனக்கு அன்றைக்கே வண்டி எடுத்துக்கொண்டு உப்பல் போய்க் கதவை உடைக்க வேண்டும் போலிருந்தது. யூசுஃப் சார் துணியை எடுத்தார். "ஜல்தி நக்கோ, மேடம். அவசரப்பட்டு உப்பல் பிடித்தால் மெஷின் கிடைக்கும். ஆள் கிடைப்பானா?" வடக்கே சரக்கை வாங்கித் திருப்பி அனுப்புகிறவனும், இங்கே புக் பண்ணுகிறவனும், உப்பலும் ஒரே நேரத்தில் பிடிபட வேண்டும், ஒருவன் இன்னொருவனுக்கு போன் செய்ய அவகாசம் இருக்கக் கூடாது என்றார். அந்த மாநிலத்துப் போலீஸுக்கு அவரே எழுதினார், அங்கே போய் உட்கார்ந்து பேசியும் வந்தார். அதற்கு மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு நரகம். கோமதியின் மேல் வழக்குத் தொடரும் ஃபைல் என் மேஜையில். என் மேலதிகாரி தினமும், "என்னம்மா, இன்னும் அனுப்பலையா?" என்று கேட்பார். யூசுஃப் சார் எழுதி ஒரு மாதத் தவணை வாங்கித் தந்தார், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடைக்காது. ஒருநாள் கோமதி எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பெட்டிய எடுத்துட்டுப் போனியளே மேடம், ஏதாச்சும் தெரிஞ்சிதா? என்னைய ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாங்களா? பிள்ளைய எங்க விட? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த எதையும் சொல்லக் கூடாது. வெளியே ஒரு வார்த்தை கசிந்தால் கும்பல் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திரும்பி நடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பஸ் வரும்வரை.

பதிவேட்டின்படி அவர்கள் சரக்கு அனுப்புவது எப்போதும் ஒரு வியாழக்கிழமை விட்டு ஒரு வியாழக்கிழமை. தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது அந்த வியாழன் வந்தது. காலை பத்து மணிக்கு யூசுஃப் சார் எங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தன் துறைப் படிவங்களோடு அடுத்த துறையின் படிவத்தையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரயில்வேயின் பறிமுதல் படிவம் என் பையில், எங்கள் பதினாறாம் நம்பர் ரசீது தேவசகாயத்தின் பையில். எந்த இடத்தில் எது கிடைத்தாலும், 'இது என் வேலை இல்லை' என்று யாரும் நிற்கக் கூடாதல்லவா.

நண்பகலில் உப்பல். முன்னறையில் காகிதத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன, மேல் தட்டில் தூசு படிந்து சிலந்தி கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மேனேஜர் கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார். "இதி பேப்பர் பிளேட்ஸ் ஃபேக்டரி மேடம், மீரு பொரபாட்டுன ஒச்சாரு" என்றார். தவறாக வந்துவிட்டோமாம். பின்னால் ஒரு கதவு, அதன் பின்னால் டக் டக் டக் என்று ஒரு சத்தம். கல்லூரியில் நான்கு வருஷம் கேட்ட சத்தம் அது, மாத்திரை அழுத்துகிற மெஷின். என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் அதைப் பார்த்தார், கும்பிட்ட கை தானாகக் கீழே இறங்கியது.

உள்ளே மெஷின் மாத்திரைகளைத் துப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃபாயில் ரோல்கள், அச்சிட்ட கம்பெனி லேபிள்கள் கட்டுக்கட்டாக. பத்மஜா ஃபாயில் ரோலைத் தடவிப் பார்த்து, "நா ஃபாயில்", என் ஃபாயில், என்றார், தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி. நான் சாம்பிள் எடுத்தேன், நான்கு பங்கு, அரக்கு, முத்திரை. பட்டியலில் முதல் வரியாக எழுதியது: 'அட்டைப்பெட்டி, ஒன்று.'

அதே நேரத்தில் செகந்திராபாத்தில் நடந்ததைத் தேவசகாயம் சொல்லக் கேட்டுச் சிரித்தே எங்களுக்கு வயிறு வலிக்கும். சரக்கை புக் பண்ண வந்தவன் சாதாரண ஆள் இல்லை, கும்பலின் தலைவனே. யாரையும் நம்பாதவன் என்பதால் ஒவ்வொரு முறையும் தானே வருவானாம். எங்களிடமிருந்தும் வடக்கிலிருந்தும் தகவல் வரும்வரை அவனை நிறுத்திவைக்க வேண்டும். தேவசகாயம் பார்சல் ஆபீஸ்காரர்களிடம் சொல்லி எடை மெஷினைக் கெட்டுப்போக வைத்துவிட்டார்.

"குந்துங்க சேட், மெக்கானிக் வந்துக்கினே இருக்காரு. டீ சாப்புடுங்க." ஒரு டீ. "இன்னொரு டீ சேட்?" இரண்டாம் டீ. அவன் நேரமாகிறது என்று கத்த, "இன்னாத்துக்கு கோவம் சேட், ரயிலு நாலு மணிக்குத்தான?" என்று சமாதானம். நான் உப்பலிலிருந்து போன் செய்து, "மெஷின் ஓடுது" என்றேன். இரண்டு நிமிஷத்தில் வடக்கிலிருந்தும் ஆள் பிடிபட்டான் என்று செய்தி. மூன்றாவது டீயோடு தேவசகாயம் என் துறையின் ரசீதையும் நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சேட்" என்றிருக்கிறார். அவன் பார்சல் ரசீது என்று நினைத்துப் பேனாவை எடுத்தானாம்.

அன்று சாயங்காலம் யூசுஃப் சார் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்தான் துடைக்க வேண்டியிருந்தது.

மேனேஜரின் வாக்குமூலத்தில் தையல் கடை முகவரி, கள்ள பில், கோமதியைப் போல ஏமாந்த மற்றக் கடைகள், எல்லாம் வெளியே வந்தன. இந்தச் சரக்கு போலி என்று கோமதிக்குத் தெரிய வழியே இல்லை என்பது காகிதத்தில் நிரூபணமானது. அவர்மேல் வழக்கு வேண்டாம் என்று நானே எழுதினேன். அவர் பெயர் குற்றவாளிப் பட்டியலிலிருந்து சாட்சிப் பட்டியலுக்கு மாறியது. வேறு எந்தக் குறிப்பையும் என் வேலைக் காலத்தில் அத்தனை சந்தோஷமாக எழுதியதில்லை. லைசென்ஸ் திரும்ப வந்தது.

கடை திறக்கிற நாளன்று நான்கு பேரும் போனோம். யூசுஃப் சார் சிவில் உடையில். எனக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. பெட்டி கோர்ட்டில் சாட்சிப் பொருளாகிவிட்டது, கோமதிக்கு மேல் தட்டு எட்டாது. அதனால் ஒரு மர ஸ்டூல் வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியை எடுத்த அன்று திரும்ப வைத்த அரக்கை உடைத்தேன், ஷட்டரைத் தூக்கினேன். கோமதி ஸ்டூல்மேல் ஏறி, பழைய ஆணியில் சான்றிதழை மாட்டி, கோணலா என்று தள்ளி நின்று பார்க்கும்படி மகளிடம் சொன்னார். "நேரா இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ்.

நான் கோமதியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அரசாங்க ஊழியருக்கு அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. இருபது வருஷமாகப் படிவத்தில் எழுதிப் பழகிய எனக்கு, அதற்கு ஒரு படிவமும் இல்லை. மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல சத்தமாக ஆரம்பித்தேன்.

"கோமதி, எங்க டிபார்ட்மென்ட் சார்பில..."

மூன்று தலையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. பத்மஜா வாயைப் பொத்திக்கொண்டார். யூசுஃப் சார் தேவசகாயத்தின் தோளில் தொங்கிய பையைக் கண்ணால் காட்டினார். எங்கள் அமீர்பேட் ஃப்ளாஸ்க் அதற்குள் இருந்தது. வாயை அடக்கத் தெரியாதவள் நான் என்று அவர்களுக்குத் தெரியும், எடுத்தே வந்திருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

ஃப்ளாஸ்க்கை எடுத்துத் திறந்தேன். கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம், நீங்க போய் ஊத்திக்கிட்டு? கொண்டாங்க, நான் ஊத்துதேன்" என்று ஓடி வந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றேன். அவர் ஸ்டூல்மேல் உட்கார்ந்தார். முதல் கிளாஸை ஊற்றி, அரக்குத் தழும்புள்ள அந்தக் கையாலேயே அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கம்மியா இருக்கு, அக்கா" என்றார்.